காற்றுள்ளபோது தூற்றியவர்கள்: அமெரிக்கப் போர்களும் தொழிலாளர் உரிமையும்

கேள்வி: "அமெரிக்கா கடல் கடந்து போருக்குப் போன காலங்களில்தான் அங்கே தொழிலாளர் உரிமைகள் வளர்ந்தன என்று ஒரு கட்டுரையில் படித்தேன். போர் வந்தாலே சீர்திருத்தம் கிடப்பில் போடப்படும் என்கிறார் என் பேராசிரியர். எது சரி?"

இரண்டு பேர் சொல்வதற்கும் சான்று இருக்கிறது. இரண்டும் ஒரே ஆண்டில், சில சமயம் ஒரே வாரத்தில்கூட நடந்திருக்கின்றன. ஆகவே போர் தொழிலாளிக்கு நல்லது செய்ததா, கெட்டது செய்ததா என்று பொதுவாகக் கேட்டால் விடை கிடைக்காது. போர்க்காலத்தில் ஆள் தட்டுப்பாடு வருகிறது. ஒரு நாள் உற்பத்தி நின்றாலும் அரசு பதறுகிறது. சாதாரண நாட்களில் தொழிலாளிக்கு இல்லாத பேரம் பேசும் பலம் அப்போது அவன் கைக்கு வருகிறது. ஆனால் அது சண்டை ஓயும் வரைதான். அதற்குள் சங்கங்கள் ஒப்பந்தமாக எழுதி வாங்கியவை பெரும்பாலும் நின்றன. வாரியத்தின் உத்தரவாகவும் அதிபரின் ஆணையாகவும் கிடைத்தவை, அவசரம் தீர்ந்ததும் கரைந்துபோயின. பல ஆண்டுகள் இந்த வரலாற்றைப் படித்ததில் எனக்குத் தெளிவானது இதுதான்.

இன்னொன்றையும் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். சங்கம் அமைக்கும் உரிமையைச் சட்டமாக்கிய வாக்னர் சட்டம் 1935-இல் வந்தது. குறைந்தபட்சக் கூலியையும், நாற்பது மணி நேர வாரத்துக்கு மேல் செய்த வேலைக்கு ஒன்றரை மடங்கு கூலியையும் கொண்டுவந்த சட்டம் 1938-இல் வந்தது. இரண்டும் அமைதிக்காலத்தில், பொருளாதாரப் பெருமந்தத்தின் நடுவில் பிறந்தவை. போர்தான் எல்லாவற்றையும் கொடுத்தது என்று யாராவது சொன்னால் இந்த இரண்டு ஆண்டுகளை நினைவூட்டுங்கள்.

இனி 1917-க்கு வருவோம். ஏப்ரல் 6 அன்று அமெரிக்கா முதல் உலகப் போரில் இறங்கியது. ஐரோப்பாவிலிருந்து வந்துகொண்டிருந்த கூலியாட்களின் வரத்து அதற்கு முன்பே வற்றியிருந்தது. இப்போது உள்ளூர் இளைஞர்களும் படைக்குப் போனார்கள். விலைவாசி ஏறியது, கூலி அந்த அளவுக்கு ஏறவில்லை. அந்த ஓர் ஆண்டில் மட்டும் நாலாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்தன. அரிசோனாவின் பிஸ்பீ என்ற செம்புச் சுரங்க ஊரில் இதற்குக் கிடைத்த பதிலைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். ஜூலை 12 விடியற்காலையில், ஷெரீப்பின் ஆட்களாகப் பதிவு செய்யப்பட்ட சுமார் இரண்டாயிரம் பேர் துப்பாக்கியோடு வீடு வீடாகப் புகுந்தார்கள். வேலைநிறுத்தம் செய்தவர்களை மட்டுமல்ல, அவர்களுக்கு அனுதாபம் காட்டியவர்களையும் இழுத்து வந்து பேஸ்பால் மைதானத்தில் நிறுத்தினார்கள். ஏறக்குறைய 1,200 பேரை, தரையில் சாணம் கிடந்த, மாடு ஏற்றும் ரயில் பெட்டிகளில் ஏற்றி, பாலைவனத்தின் வழியே கொண்டுபோய் நியூ மெக்சிகோவில் இறக்கிவிட்டார்கள். அதிபர் வில்சன் அமைத்த விசாரணைக் குழு இது அநியாயம் என்று அறிக்கை தந்தது. தண்டனை அடைந்தவர் எவருமில்லை.

அதே வில்சன் அரசுதான் அடுத்த ஏப்ரலில் தேசியப் போர்த் தொழிலாளர் வாரியத்தை அமைத்தது. அதற்கு இரண்டு தலைவர்கள். ஒருவர் முன்னாள் அதிபர் டாஃப்ட், முதலாளிகள் பக்கத்து மனிதர். மற்றவர் ஃபிராங்க் வால்ஷ், தொழிலாளர் பக்கம் நின்ற வழக்கறிஞர். வேலைநிறுத்தமும் கூடாது, கதவடைப்பும் கூடாது; அதற்கு ஈடாகச் சங்கம் சேரும் உரிமையை முதலாளி மதிக்க வேண்டும்; ஆண் செய்யும் அதே வேலையைப் பெண் செய்தால் அதே கூலி; குடும்பம் ஆரோக்கியமாக வாழப் போதுமான கூலி எல்லோருக்கும் உரிமை. வாரியத்தின் கொள்கைகள் இவை. ஓர் அமெரிக்க அரசு இப்படி எழுதியது அதுவே முதல் தடவை. தென் மாநிலங்களுக்குப் போய் ஆயுதத் தொழிற்சாலைக் கூலிகளைக் கண்ணால் பார்த்த டாஃப்ட் மனம் மாறி, வால்ஷோடு சேர்ந்து வாக்களிக்கத் தொடங்கினார். இந்த ஒரு காரணத்துக்காகவே அவர்மேல் எனக்கு மரியாதை உண்டு.

வாரியத்தின் உண்மையான எடை 1918 செப்டம்பரில் தெரிந்தது. கனெக்டிகட்டின் பிரிட்ஜ்போர்ட், போருக்கான தோட்டாக்களும் துப்பாக்கிகளும் செய்த ஊர். அங்கே இயந்திரத் தொழிலாளர்கள் 1915-லேயே வேலைநிறுத்தம் செய்து எட்டு மணி நேர வேலையை வென்றிருந்தார்கள். இப்போது வாரியத்தின் கூலித் தீர்ப்பு பிடிக்காமல் வெளியேறினார்கள். பக்கத்து மாநிலமான மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டில், ஸ்மித் அண்ட் வெஸன் துப்பாக்கி நிறுவனம் வாரியத்தின் தீர்ப்பை ஏற்க மாட்டோம் என்றது. வில்சன் இரண்டுக்கும் சேர்த்தே பதில் சொன்னார். ஸ்மித் அண்ட் வெஸன் ஆலையை அரசே எடுத்துக்கொண்டது. பிரிட்ஜ்போர்ட் தொழிலாளர்களுக்கு ஒரு கடிதம் போனது: வேலைக்குத் திரும்பாவிட்டால் ஓராண்டுக்கு அந்த வட்டாரத்தின் எந்தப் போர்த் தொழிற்சாலையிலும் இடமில்லை, கட்டாய ராணுவச் சேவையிலிருந்து கிடைத்த விலக்கும் ரத்தாகும். அவர்கள் திரும்பினார்கள். முதலாளி இழந்தது ஆலை நிர்வாகத்தைச் சில மாதங்களுக்கு. தொழிலாளி மீறியிருந்தால் பதுங்குகுழிக்குப் போயிருப்பான். இரண்டையும் ஒரே தராசில் வைக்க என் மனம் ஒப்பவில்லை.

போரை எதிர்த்துப் பேசிய தொழிலாளர் தலைவர்களுக்கு இந்த வாசல்கூடத் திறக்கவில்லை. உலகத் தொழில்துறைத் தொழிலாளர் சங்கத்தின் அலுவலகங்கள் 1917 செப்டம்பரில் நாடெங்கும் சோதனையிடப்பட்டன. மறு ஆண்டு சிகாகோவில் அதன் தலைவர்கள் கூட்டமாகத் தண்டிக்கப்பட்டார்கள். ரயில்வே தொழிலாளர் தலைவராக உருவான யூஜின் டெப்ஸ் ஒஹையோவின் கேன்டனில் பேசிய ஒரே ஒரு பேச்சுக்குப் பத்தாண்டுச் சிறை. சிறைக்குள்ளிருந்தபடியே 1920 தேர்தலில் நின்று ஒன்பது லட்சத்துக்கும் மேல் வாக்கு வாங்கினார்.

சண்டை 1918 நவம்பரில் நின்றது. "ஆறு கடக்கும்வரை அண்ணன் தம்பி, கடந்தபின் நீ யார் நான் யார்" என்று நம் ஊரில் சொல்வார்களே, எஃகுத் தொழிலாளிக்கு அப்படியே நடந்தது. எஃகு உலைகளில் அன்று பன்னிரண்டு மணி நேர ஷிப்ட். பகல் ஷிப்டும் இரவு ஷிப்டும் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை மாறும் நாளில் ஒரே ஆள் இருபத்து நான்கு மணி நேரம் உலை முன் நிற்க வேண்டும். போரின் கடைசி மாதங்களில் யு.எஸ். ஸ்டீல் நிறுவனம் 'அடிப்படை எட்டு மணி நேர நாள்' என்று அறிவித்தது. எட்டு மணி நேரத்துக்கு மேல் போனால் கூடுதல் கூலி உண்டு. ஆனால் வேலை என்னவோ அதே பன்னிரண்டு மணி நேரம்தான். போர் முடிந்தபின் பேச வந்த சங்கத் தலைவர்களைச் சந்திக்கவே நிறுவனத் தலைவர் எல்பர்ட் கேரி மறுத்தார். 1919 செப்டம்பர் 22 அன்று வேலைநிறுத்தம் தொடங்கியது. சுமார் மூன்றரை லட்சம் பேர் வெளியேறினார்கள். ஆனால் தீர்ப்புச் சொல்ல வாரியம் இல்லை, அதை அதற்குள் கலைத்துவிட்டிருந்தார்கள். வெள்ளையர் சங்கங்கள் பல சேர்க்க மறுத்திருந்த கறுப்பினத்தவரை ஆயிரக்கணக்கில் கருங்காலி வேலைக்குக் கொண்டுவந்தது நிர்வாகம். 1920 ஜனவரியில் வேலைநிறுத்தம் தோற்றது. எஃகு ஆலைகளில் பன்னிரண்டு மணி நேரம் போனது 1923-இல், அதிபர் ஹார்டிங்கும் பொதுமக்களும் கொடுத்த நெருக்கடியில்.

அடுத்ததாக, இரண்டாம் உலகப் போருக்குள் நுழைந்த தலைமுறை இந்தப் பாடத்தை மறக்கவில்லை. அதில் முதலில் சொல்ல வேண்டிய பெயர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப். புல்மன் ரயில் பெட்டிகளில் படுக்கை விரித்து, செருப்புத் துடைத்து, பயணிகளைக் கவனித்த கறுப்பினப் பணியாளர்களின் சங்கத்தை 1925 முதல் கட்டியவர். பயணிகள் அந்தப் பணியாளர் யாரையும் சொந்தப் பெயரால் அழைக்க மாட்டார்கள். நிறுவனர் ஜார்ஜ் புல்மனின் அடிமைகள் என்பதுபோல எல்லோரையும் 'ஜார்ஜ்' என்பார்கள். மாதம் நானூறு மணி நேர வேலை. வண்டி கிளம்பும் முன் பெட்டியைத் தயார் செய்யும் நேரத்துக்குக் கூலி கிடையாது. பன்னிரண்டு ஆண்டுப் போராட்டத்துக்குப் பின் 1937-இல்தான் ஒப்பந்தம் கையெழுத்தாகி, மாத வேலை 240 மணி நேரமானது.

அப்படிப் பழுத்த மனிதர் 1941-இல் ஓர் அறிவிப்புச் செய்தார். ஐரோப்பாவுக்காக விமானமும் கப்பலும் கட்டத் தொடங்கியிருந்த ஆலைகள் கறுப்பினத்தவரை வாசலிலேயே திருப்பி அனுப்பின. எடுத்தாலும் துடைப்பம்தான் கைக்கு வந்தது. ஜூலை 1 அன்று ஒரு லட்சம் கறுப்பினத்தவர் வாஷிங்டனில் ஊர்வலம் போவார்கள் என்றார் ராண்டால்ஃப். சர்வாதிகாரத்தை எதிர்க்கும் நாடு என்று உலகத்துக்குச் சொல்லிக்கொண்டிருந்த அரசுக்கு அந்தக் காட்சி எவ்வளவு பெரிய தலைக்குனிவாகும் என்பது அவருக்குத் தெரியும். ஊர்வலத்தைக் கைவிடும்படி அதிபரின் மனைவி எலினோர் ரூஸ்வெல்ட்டும் நியூயார்க் மேயர் லகார்டியாவும் பேசிப் பார்த்தார்கள். ஜூன் 18 அன்று அதிபரே வெள்ளை மாளிகைக்கு அழைத்துப் பேசினார். எழுத்தில் ஆணை வரும்வரை ஊர்வலம் உண்டு என்பதில் ராண்டால்ஃப் அசையவில்லை. ஒரு வாரத்தில், ஜூன் 25 அன்று, 8802 எண்ணுள்ள ஆணை வந்தது: பாதுகாப்புத் தொழிற்சாலைகளிலும் மத்திய அரசுப் பணிகளிலும் இனம், மதம், நிறம், பிறந்த நாடு பார்த்து ஆளைத் தள்ளக் கூடாது. கவனித்துக்கொண்டிருக்க ஒரு குழுவும் அமைந்தது. அமெரிக்காவைப் போரில் இறக்கிய பேர்ல் ஹார்பர் தாக்குதலுக்கு இன்னும் ஐந்தரை மாதம் இருந்தது. போர் வரும் முன்பே, வரப்போகும் காற்றைப் பார்த்துத் தூற்றியவர் அவர்.

1942 தொடக்கத்தில் பாதுகாப்புத் தொழிலாளர்களில் சுமார் மூன்று விழுக்காடாக இருந்த கறுப்பினத்தவர் 1944 இறுதியில் எட்டு விழுக்காட்டைத் தொட்டார்கள். அது சும்மா நடக்கவில்லை. ஃபிலடெல்ஃபியாவில் எட்டுக் கறுப்பினத்தவரை டிராம் ஓட்டுநர்களாக உயர்த்தியதற்காக 1944 ஆகஸ்ட் 1 அன்று வெள்ளை ஊழியர்கள் நகரப் போக்குவரத்தையே நிறுத்தினார்கள். அதிபர் ரூஸ்வெல்ட் ஆயிரக்கணக்கில் படைவீரர்களை அனுப்பி வண்டிகளை ஓடவைத்தார்; ஒரு வாரத்துக்குள் எதிர்ப்பு முறிந்தது. ஆனால் பாகுபாட்டைக் கவனிக்க அமைந்த அந்தக் குழு அதிபரின் ஆணையில் பிறந்ததே தவிர நாடாளுமன்றச் சட்டத்தில் அல்ல. தென் மாநில உறுப்பினர்கள் அதற்குப் பணம் மறுத்து 1946-இல் முடித்துவிட்டார்கள். வேலையில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் சட்டம் வர 1964 வரை காத்திருக்க நேர்ந்தது. தூற்றத் தெரிந்தவருக்கும் களஞ்சியம் கிடைக்காத கதை இது.

மற்ற சங்கங்களுக்கு 1942-இல் ஒரு பேரம் கிடைத்தது. போர் முடியும்வரை வேலைநிறுத்தம் செய்ய மாட்டோம் என்று சொன்னார்கள். பதிலுக்கு, ஒப்பந்தம் உள்ள ஆலையில் சேரும் தொழிலாளி பதினைந்து நாளுக்குள் விலகாவிட்டால் ஒப்பந்தக் காலம் முழுவதும் சங்க உறுப்பினராகவே இருப்பார் என்று புதிய போர்த் தொழிலாளர் வாரியம் விதித்தது. உறுப்பினர் எண்ணிக்கை ஒரு கோடியிலிருந்து ஒன்றரைக் கோடியை நெருங்கியது. கூலியை மட்டும் வாரியம் இறுக்கிக் கட்டியது: 1941 ஜனவரிக் கூலிக்கு மேல் பதினைந்து விழுக்காடு, அதற்குமேல் பொதுவான உயர்வு கிடையாது. காப்பீடும் ஓய்வூதியமும் அந்த வரம்பில் சேராது என்று விட்டிருந்ததால், ஆள் பிடிக்கத் தவித்த நிறுவனங்கள் மருத்துவக் காப்பீட்டைக் கொடுத்து ஆள் சேர்த்தன. 1940-இல் பத்தில் ஒருவர் அளவுக்கே இருந்த மருத்துவக் காப்பீடு 1950-இல் ஏறக்குறைய பாதி மக்களுக்கு வந்துவிட்டது. இன்றும் அமெரிக்காவில் வேலை போனால் வைத்தியமும் போகும் என்ற நிலை இருக்கிறதே, அதன் வேர் இந்தக் கூலிக் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எல்லோருக்குமான காப்பீட்டைச் சட்டமாக்க அடுத்த அதிபர் ட்ரூமன் செய்த முயற்சி தோற்றதற்கு, பலமான சங்கங்கள் தங்கள் உறுப்பினர்களுக்குத் தனியே வாங்கிக்கொண்டதும் ஒரு காரணம் என்றே நான் எண்ணுகிறேன்.

நான் அதிகம் நின்று யோசிக்கும் இடம் நிலக்கரி. ஒரு சுரங்கத் தொழிலாளியின் நாளை நினைத்துப் பாருங்கள். அதிகாலையில் விளக்கை வாங்கிக்கொண்டு சுரங்க வாயிலுக்குள் போகிறான். கரி வெட்டும் முகப்பு உள்ளே மைல்கணக்கில் தள்ளி இருக்கிறது. தாழ்ந்த கூரைக்கடியில் இரும்புப் பெட்டியில் குனிந்து உட்கார்ந்து போகிறான். மிச்சத் தூரத்தைக் கூனிக்கொண்டு நடக்கிறான். மேலே கூரை பெயர்ந்தால் போகும் வழியிலும் சாவு வரும். ஆனால் அவனுக்குக் கூலிக் கணக்கு தொடங்குவது முகப்பில் கை வைத்த பிறகுதான். மாலையில் திரும்பி வரும் வழிக்கும் கூலி இல்லை. 1942-லும் 1943-லும் ஆண்டுக்கு ஆயிரத்து நானூறுக்கும் மேற்பட்டவர்கள் அமெரிக்க நிலக்கரிச் சுரங்கங்களில் இறந்தார்கள்.

சுரங்கத் தொழிலாளர் சங்கத் தலைவர் ஜான் எல். லூயிஸ் 1943-இல், போர் உச்சத்தில் இருந்தபோது, சுமார் ஐந்து லட்சம் பேரை வெளியே அழைத்தார். நாடே அவரைச் சபித்தது. படைவீரர்களின் பத்திரிகையான 'ஸ்டார்ஸ் அண்ட் ஸ்டிரைப்ஸ்', அவர் ஆன்மா நிலக்கரிபோல் கறுத்தது, அது நாசமாகட்டும் என்று எழுதியது. ரூஸ்வெல்ட் மே 1 அன்று சுரங்கங்களை அரசுக் கையில் எடுத்தார். போர்த் தொழிலில் வேலைநிறுத்தத்துக்குக் கடிவாளம் போடும் ஸ்மித்–கானலி சட்டத்தை, அதிபர் மறுத்து அனுப்பியும், நாடாளுமன்றம் ஜூன் 25 அன்று நிறைவேற்றியது. எனினும் நவம்பரில் லூயிஸ் வென்றார். வாரியத்தின் பதினைந்து விழுக்காட்டு வரம்பு கூலிக்குத்தான். வாயிலில் நுழைந்து வாயிலில் வெளியேறும்வரை கணக்கிடுங்கள் என்று கேட்டதால், அது கூலி உயர்வாகாமல் வேலை நேரமாகிவிட்டது. நாள் கூலி ஏழு டாலரிலிருந்து எட்டரை டாலரானது. அதற்காக உணவு இடைவேளை முப்பது நிமிடத்திலிருந்து பதினைந்தாகக் குறைந்தது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

போர் முடிந்த மறு ஆண்டில் அவர் இன்னும் பெரியதைக் கேட்டார். 1946 வசந்தத்தில் மறுபடி வேலைநிறுத்தம், மறுபடி அரசு சுரங்கங்களை எடுத்தது. மே 29 அன்று, முதலாளிகளோடு அல்ல, அரசோடு லூயிஸ் கையெழுத்திட்டார்: வெட்டும் ஒவ்வொரு டன் நிலக்கரிக்கும் ஐந்து சென்ட் தொழிலாளர் நலநிதிக்குப் போகும். அந்த ஒப்பந்தப்படி, கடற்படை மருத்துவ அதிகாரி ஜோயல் பூன் தலைமையில் ஒரு குழு சுரங்க ஊர்களுக்குள் போய் வீட்டையும் கிணற்றையும் கழிப்பறையையும் பார்த்து அறிக்கை எழுதியது. குடிநீரும் கழிவும் கலந்த ஊர்களை அது படங்களோடு நாட்டுக்குக் காட்டியது. அந்த நலநிதியிலிருந்து 1956-இல் கென்டக்கி, வர்ஜீனியா, மேற்கு வர்ஜீனியா மலைகளில் பத்து மருத்துவமனைகள் திறந்தன. போர் முடிந்து பத்தாண்டு கழித்தும் நின்றது, அது ஒப்பந்தமாக எழுதப்பட்டதால்.

ஆனால் அதே அரசுக் கையில் இருந்த சுரங்கத்தில்தான் சென்ட்ரேலியா வெடிவிபத்து நடந்தது. இல்லினாயின் அந்த ஐந்தாம் எண் சுரங்கத்தில் கரித்தூள் குவிந்து கிடப்பதாக ஆய்வாளர்கள் திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1941 சட்டம் மத்திய ஆய்வாளருக்கு உள்ளே நுழையும் உரிமையைத் தந்தது, மூடும் உரிமையைத் தரவில்லை. 1946 மார்ச்சில் உள்ளூர்ச் சங்கத்தின் நான்கு பேர் மாநில ஆளுநருக்கு, எங்கள் உயிரைக் காப்பாற்றுங்கள் என்று கடிதம் போட்டார்கள். 1947 மார்ச் 25 அன்று தூள் வெடித்தது. 111 பேர் இறந்தார்கள். கடிதத்தில் கையெழுத்திட்ட நால்வரில் மூவர் அவர்களுள் இருந்தார்கள். நாட்டுக்குக் கரி தேவைப்பட்டபோது சுரங்கத்தையே எடுத்துக்கொள்ளத் தெரிந்த அரசுக்கு, அந்தத் தூளைக் கழுவச் சொல்லும் அதிகாரத்தைத் தன் ஆய்வாளனுக்குக் கொடுக்கத் தெரியவில்லை.

பெண்களின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன், சுருக்கமாகவே அது முடிந்ததால். ஒரேகனின் போர்ட்லாண்டில் கைசர் கப்பல் தளங்கள் 1943 நவம்பரில் வாசலிலேயே குழந்தைகள் காப்பகங்களைத் திறந்தன. இரவு ஷிப்டுக்கும் அவை இயங்கின. வேலை முடிந்து குழந்தையை எடுக்க வரும் தாய், சமைத்த இரவுணவையும் பொட்டலமாக வாங்கிக்கொண்டு வீட்டுக்குப் போகலாம். மத்திய அரசும், போர்த் தொழில் ஊர்களின் தேவைகளுக்குப் பணம் ஒதுக்கிய லேனம் சட்டத்தின் கீழ், நாடெங்கும் காப்பகங்கள் நடத்தியது. போர்க்காலம் முழுவதிலும் சேர்த்து ஐந்து லட்சத்துக்கும் மேற்பட்ட குழந்தைகள் அங்கே இருந்திருக்கிறார்கள். 1946 தொடக்கத்தில் பணம் நின்றது, பெரும்பாலானவை மூடப்பட்டன. இதற்குப் பின்னால் ஒப்பந்தம் கேட்க ஒரு சங்கம் இல்லை. எட்டு வயதுக் குழந்தையையும் மூன்று வயதுக் குழந்தையையும் வைத்துக்கொண்டு ஆலைக்குப் போன ஒரு தாய் அந்த வாரம் என்ன செய்திருப்பாள் என்று யோசிக்கும்போது எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

சீருடை அணிந்த தொழிலாளிகளும் இருந்தார்கள். கலிஃபோர்னியாவின் போர்ட் சிகாகோ துறையில் பசிபிக் போருக்கான குண்டுகளைக் கப்பலில் ஏற்றியவர்கள் கறுப்பினக் கடற்படையினர்; அதிகாரிகள் வெள்ளையர். குண்டு கையாள முறையான பயிற்சி இல்லை. எந்தக் குழு வேகமாக ஏற்றுகிறது என்று அதிகாரிகள் பந்தயம் கட்டினார்கள். 1944 ஜூலை 17 இரவு வெடித்தது. 320 பேர் இறந்தார்கள், அவர்களில் 202 பேர் கறுப்பினத்தவர். ஆகஸ்டில் மறுபடி குண்டு ஏற்றச் சொன்னபோது 258 பேர் மறுத்தார்கள். வெளியே ஓர் ஆலையில் இதைப் பாதுகாப்புக் கோரிய வேலைநிறுத்தம் என்பார்கள். கடற்படை அதைக் கலகம் என்றது. ஐம்பது பேருக்குச் சிறைத்தண்டனை விதித்தது. அவர்கள் குற்றமற்றவர்கள் என்று 2024 ஜூலை 17 அன்று கடற்படை அறிவித்தபோது அந்த ஐம்பது பேரில் ஒருவரும் உயிரோடு இல்லை.

கொரியப் போருக்கும் வியட்நாமுக்கும் வந்தால் கதை மாறுகிறது. 1952-இல் ட்ரூமன் எஃகு ஆலைகளைக் கையகப்படுத்தியபோது, சட்டம் தராத அந்த அதிகாரம் அதிபருக்கு இல்லை என்று உச்ச நீதிமன்றம் தடுத்துவிட்டது. வியட்நாம் காலத்தில் ராண்டால்ஃப் உட்படப் பலர் 1966-இல் முன்வைத்த எல்லோருக்கும் வேலை என்ற திட்டம் ராணுவச் செலவின் அடியில் நசுங்கியது. உங்கள் பேராசிரியரின் பக்கத்துக்கு இதைவிட நல்ல சான்று கிடையாது. ஆயினும் 1970 மார்ச்சில் தபால் ஊழியர்கள் தடையை மீறி வேலைநிறுத்தம் செய்தார்கள். அதிபர் நிக்சன் நியூயார்க்கில் கடிதம் பிரிக்கப் படைவீரர்களை அனுப்பினார். அவர்களால் அந்த வேலையைச் சமாளிக்க முடியவில்லை. ஊதிய உயர்வும் கூட்டுப் பேர உரிமையும் அந்த ஆண்டே கிடைத்தன. பணியிடப் பாதுகாப்புச் சட்டமும் அதே ஆண்டு டிசம்பரில் கையெழுத்தானது. ஆனால் அதைப் பெற்றுத் தந்தது போர் அல்ல. 1968-இல் ஃபார்மிங்டன் சுரங்கத்தில் 78 பேர் இறந்ததும், மறு ஆண்டு மேற்கு வர்ஜீனியாவில் கரித்தூள் நுரையீரல் நோய்க்காக நாற்பதாயிரம் பேர் வேலையை விட்டு நின்றதும் கிளப்பிய கோபம்தான் அதற்கு வழி திறந்தது.

கடைசியாக, லூயிஸ் வென்ற அந்த வாயில் நேரம் என்ன ஆனது என்று சொல்ல வேண்டும். அதுபோலவே மிச்சிகனின் மவுண்ட் கிளெமென்ஸ் பீங்கான் ஆலைத் தொழிலாளர்கள், நேரப் பதிவு இயந்திரத்திலிருந்து தங்கள் மேசைக்கு நடக்கும் நிமிடங்களுக்குக் கூலி கேட்டார்கள். 1946 ஜூனில் உச்ச நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. அதைப் பிடித்துக்கொண்டு நாடெங்கும் வழக்குகள் குவிந்தன. அதற்குள் காற்று திரும்பிவிட்டது. 1946-இல் நாற்பத்தாறு லட்சம் பேர் வேலைநிறுத்தம் செய்ததைக் கண்டு மிரண்ட வாக்காளர்கள் புதிய நாடாளுமன்றத்தை அனுப்பியிருந்தார்கள். அது 1947 மே மாதம், ஒப்பந்தத்திலோ வழக்கத்திலோ இல்லாவிட்டால் வேலைக்கு வந்து போகும் நேரத்துக்குக் கூலி தர வேண்டியதில்லை என்று சட்டம் செய்தது. அடுத்த மாதமே சங்கங்களின் கையைக் கட்டும் டாஃப்ட்–ஹார்ட்லி சட்டமும் வந்தது (இந்த டாஃப்ட், முன்னாள் அதிபரின் மகன்). சுரங்கத் தொழிலாளியின் நேரம் ஒப்பந்தத்தில் இருந்ததால் அது தப்பியது. மற்றவர்களுடையது போனது. பின்னாளில் நெவாடாவின் கிடங்குத் தொழிலாளர்கள், வேலை முடிந்து வெளியேறும் முன் திருட்டுச் சோதனை வரிசையில் நாள்தோறும் இருபத்தைந்து நிமிடம்வரை நிற்கிறோம், அதற்குக் கூலி வேண்டும் என்று உச்ச நீதிமன்றம்வரை போனார்கள். 2014 டிசம்பரில் ஒன்பது நீதிபதிகளும் அந்த 1947 சட்டத்தைக் காட்டி, கிடையாது என்றார்கள்.